தவிட்டுக்குருவியும் யானம் மாற்றலும்

பறவைகளுக்கும் பதவி உண்டு என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மயில் முருகனுக்கு, கருடன் பெருமாளுக்கு, கிளி அம்மனின் தோளுக்கு. திருநள்ளாற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே காக்கை, சனீஸ்வரனின் வாகனம். மற்ற ஊர்களில் காக்கை வந்து உட்கார்ந்தால் விரட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் எழுந்து நின்று வணக்கம் சொல்லாத குறைதான்.

தவிட்டுக்குருவிக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. எந்தச் சாமியும் அதன் மேல் ஏறி உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். நாலு தடவை சிறகடித்துவிட்டு மிச்சத் தூரத்தைச் சறுக்கியே சமாளிக்கிற பறவை அது. நிறம் தவிடு, தலை மட்டும் சாயம் போன மாதிரி வெளுப்பு, அலகு மஞ்சள். கண் வெளிறிப் போய், ராத்திரியெல்லாம் யாரோடோ வழக்காடிவிட்டு வந்தது போல இருக்கும். அது தனியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. ஆறோ ஏழோ சேர்ந்து வரும், சருகைப் புரட்டும், பூச்சி பொறுக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். எது கேட்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சுரக்குடிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. பின்பக்கம் ஒரு கொல்லை, அதைத் தாண்டி வயல். கொல்லையின் மதிலை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி. விலங்கியல் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து எந்தத் தேர்வு எழுதுவது என்று தினம் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில், மருதாணிக்குள் ஒரு கூட்டைக் கண்டுபிடித்தேன். சின்னக் கிண்ணம் போல ஒரு கூடு. உள்ளே மயில்கழுத்து நீலத்தில் முட்டைகள். உலகத்துக்கே அறிவிக்க வேண்டும் போலிருந்தது. உலகம் அப்போது கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இதுங்க கூட்டத்துல ஒரு ஜோடிதான் முட்டை வைக்கும். ஆனா குஞ்சு பொரிச்சா எல்லாம் சேர்ந்து எரை ஊட்டும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லாம். ஒன்னு மட்டும் மேல உக்காந்து காவல் பாக்கும். மத்ததெல்லாம் கீழ வேலை பாக்கும்."

"மேல சும்மா ஒக்காந்திருக்குதே, அது பேரு என்ன?"

"காவல்தான்ப்பா. பாம்பு, பூனை, வல்லூறு எது வந்தாலும் அதுதான் கத்தும்."

"அப்ப அதான் அதிகாரி," என்று அப்பா பக்கத்தைப் புரட்டினார். "எங்க ஆபீஸும் இதே மாதிரிதான். கத்துறது ஒன்னு, பொறுக்குறது ஆறு."

அம்மாவுக்கு இந்தப் பறவைகளோடு பழைய உடன்பாடு. வயலிலிருந்து பாம்பு ஏறி வருகிற கொல்லை எங்களுடையது. அணிலும் மைனாவும்கூட தவிட்டுக்குருவியின் கத்தலைக் கேட்டுத்தான் மரமேறும். அம்மாவும் அப்படியே. குரல் ஒரு மாதிரியாக ஏறினால், அடுப்படியிலிருந்தே, "ஏய், பின்பக்கம் செருப்புப் போட்டுக்கிட்டுப் போ" என்பாள். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் காலால் தெரிந்துவைத்திருந்தாள்.

அப்பாவுக்கு அந்தச் சமயம் பறவை பார்க்கிற மனநிலை இல்லை. யானம் அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரெஞ்சுக்காரன் கிளம்பும்போது நாலு மூலையில் நாலு துண்டு நிலத்தை விட்டுவிட்டுப் போனான். புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில் யானம். நாலும் ஒரே அரசு. ஆகவே இங்கே அரசு வேலை பார்ப்பவரை, தமிழ்நாட்டைத் தாண்டி, ஆந்திராவில் பாதியைத் தாண்டி, யானத்துக்கு அனுப்பினாலும் அது உள்ளூர் மாற்றல்தான். அலுவலகத்தில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் திட்டவெல்லாம் வேண்டாம். டீ குடிக்கும்போது பக்கத்தில் போய், "யானத்துல இப்ப வெயில் ஜாஸ்தியாமே" என்றால் போதும். அன்றைக்கு அவர் டீ உள்ளே இறங்காது.

அப்பாவின் நாற்காலிக்குப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் சிபாரிசோடு வரப்போவதாகப் பேச்சு. அவர் வந்தால் அப்பா எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் யானம்.

அப்பா ஜோசியரிடம் போனார். கட்டத்தைப் பார்த்த ஜோசியர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "பெரிசா ஒன்னும் வேணாங்க. சனிக்கெழம சனிக்கெழம எள்ளுச்சாதம் வைங்க. காக்கா எடுத்தப்புறம் நீங்க சாப்புடுங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க" என்றார்.

கேட்பதற்கு எளிதுதான். ஆனால் திருநள்ளாற்றுப் பக்கத்தில் சனிக்கிழமையன்று காக்கையைக் கூப்பிடுவது, கல்யாண சீசனில் சமையல்காரரைக் கூப்பிடுவது மாதிரி. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கி, எள்ளுச்சாதத்தோடு மதில் மதிலாகக் கெஞ்சுகிற நாள் அது. ஊர்க் காக்கை மொத்தமும் கோயில் பக்கம் டூட்டிக்குப் போயிருக்கும். வாரத்தில் ஆறு நாள் வீட்டு வாசலில் அப்பளத்தைத் திருடுகிற காக்கை, அன்றைக்கு மட்டும் ஏறெடுத்துப் பார்க்காது.

முதல் சனிக்கிழமை அப்பா குளித்து, ஈர வேட்டியோடு, கொல்லை மதிலில் வாழையிலைத் துண்டை வைத்து, அதில் எள்ளுச்சாதத்தை உருட்டி வைத்தார். "கா… கா…" என்றார். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் பேசுகிற அதே குரல்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு காக்கை வந்தது. அதுவும் சோற்றைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, மருதாணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது. கேபிள் ஒயரில் உட்கார்ந்திருந்த காவல் குருவி அதைப் பார்த்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? செடிக்குள்ளிருந்து, வயல் வரப்பிலிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சறுக்கிக்கொண்டு வந்து, சிறகை விரித்து, கீச்சுக் கீச்சென்று காக்கையைச் சூழ்ந்துகொண்டன. சனீஸ்வரனின் வாகனம் ரிவர்ஸில் கிளம்பியது. போனதை உறுதி செய்துகொண்டபின், தவிட்டுக்குருவிகள் வரிசையாக மதிலில் உட்கார்ந்து எள்ளுச்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தன.

"ஏய், ச்சூ… ச்சூ… அது ஒங்களுக்கு இல்ல," என்றார் அப்பா.

அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து, "என்னங்க, மாத்திரை போட்டாச்சு. சாப்புடணும்" என்றாள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

"காக்கா எடுக்கல."

"குருவி எடுத்துதே."

"குருவிக்கா ஏழரை புடிச்சிருக்கு? எனக்குடி."

வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு, கோயில் பந்தியில் இடம் கிடைக்காத ஒரு நோஞ்சான் காக்கை வந்து, இலையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக் கொத்திவிட்டுப் போனது. அதற்குள் அப்பா நிற்க முடியாமல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, தெம்பு வந்தவுடன் அவர் சொன்ன முதல் வாக்கியம், "நாளைக்கு ஆளக் கூப்புட்டு அந்த மருதாணிய வெட்டிடணும்."

நான் குதித்தேன். "அதுங்க கூட்டுக்காகத்தான்ப்பா வெரட்டுதுங்க. காக்கா முட்டையத் தின்னுடும். குஞ்சையும் தின்னும். சயின்ஸ்படி பாத்தா காக்காதான்…"

"சனி பகவானோட வாகனம். வார்த்தைய அளந்து பேசு பாப்பா."

கூட்டு இனப்பெருக்கம், உணவுச் சங்கிலி, வயலுக்கு நன்மை செய்யும் பூச்சியுண்ணிகள் என்று ஒரு செமஸ்டர் பாடத்தை நான் அவர் முன்னால் நடத்தினேன். படமும் வரைந்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் யானத்த நிறுத்துமா?" என்றார்.

அப்போது அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "கூட்டக் கலைச்ச குடும்பம் ஒரே ஊர்ல நெலச்சதா நான் கேள்விப்படல. அப்புறம் உங்க இஷ்டம்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? குஞ்சோட இருக்குறத கெளப்பி விட்டா, நம்மள ஒருத்தன் கெளப்பி விடமாட்டானா? நீங்கதான் ஜாதகமெல்லாம் பாக்குறவரு. யோசிச்சுக்கங்க."

அத்தோடு சரி. மருதாணி வெட்டுகிற பேச்சு மறுபடி எழவேயில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவிடம், "இது எந்த சாஸ்திரத்துலம்மா இருக்கு?" என்று கேட்டேன். "சாம்பார் தாளிக்கும்போது தோணிச்சு" என்றாள். "பாம்பு வந்தா யாருடி கத்துவா, உன் சயின்ஸா?"

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டு பாய் உதவிக்கு வந்தார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் எல்லாருடைய பிரச்சினையையும் தீர்த்துவைக்காமல் தூக்கம் வராது அவருக்கு.

"என்னா சார், போன வாரம் பட்டினியாமே. எங்க மொட்டமாடிக்கி வாங்க. காக்காக்கு அங்க உக்கார எடம் பத்தல."

மருதாணி இல்லாத மாடி, தவிட்டுக்குருவி இல்லாத வானம். அப்பா ஒரு கணம் தயங்கினார். சனி பகவான் கதவு எண் பார்ப்பாரா என்று அவருக்குச் சந்தேகம். பிறகு தட்டோடு மாடி ஏறினார், பின்னால் நானும். பாய் பொய் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவர் முழுக்கக் காக்கை. சனிக்கிழமையிலும் அவை ஏன் கோயிலுக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது, கீழே கிணற்றடியைப் பார்த்ததும் புரிந்தது. அங்கே பட்டினச்சேரியிலிருந்து காலையில் வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எள்ளுச்சாதத்தைப் பார்த்துவிட்டு ஒரு காக்கை தள்ளி உட்கார்ந்தது. இன்னொன்று அலகால் ஒரு பருக்கையைத் தூக்கி, சுவரில் துடைத்துவிட்டுப் போனது.

பாய் சங்கடப்பட்டார். "சார், அந்தச் சோத்து மேல ஒரே ஒரு நெத்திலி வச்சுப் பாப்பமா?"

"பாய், இது பரிகாரம்."

"அது நமக்குத் தெரியுது சார். காக்காக்குத் தெரியணும்ல." கிணற்றடியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரத்துலேர்ந்து சனிக்கெழம கறி எடுத்துக்கச் சொல்றேன். ஒங்க ஆர்டர் வர்ற வரைக்கும் எங்க வூட்ல அன்னிக்கி மீன் வேணாம்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் எங்களை முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் மீன் நின்றதும் பாதிக் காக்கைகள் கோயிலுக்கே போய்விட்டன. மிஞ்சியவை வேறு வழியில்லாமல் எள்ளுச்சாதம் சாப்பிட்டன. சனிக்கிழமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது.

மற்ற ஆறு நாள்தான் வேடிக்கை. அம்மாவின் சாஸ்திரம் அப்பாவுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. கூட்டைக் கலைத்தால் ஊர் மாற வேண்டும் என்றால், யார் கலைத்தாலும் ஆபத்துதானே? பூனை கலைத்தால்? காக்கை கலைத்தால்? அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். மதிலில் காக்கை உட்கார்ந்தால் குடையை விரித்து விரித்து மூடுவார். காக்கை திகைத்துப் போகும். சனிக்கிழமை தட்டோடு கூப்பிட்ட அதே ஆள்.

"அப்பா, அது பகவானோட வாகனம்," என்றேன்.

"இன்னிக்கிச் செவ்வாக்கெழம."

முட்டை பொரிந்தது. குஞ்சு மூன்று. என் பைனாகுலரை வாங்கிப் பார்க்க ஆரம்பித்த அப்பா அப்புறம் திருப்பித் தரவில்லை. எந்தக் குருவி எத்தனை முறை புழு கொண்டுவந்தது, எது கடமைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் புகார் வாசிப்பார். கழுத்தில் இறகு உதிர்ந்த ஒன்று சோம்பேறி என்றும், காவல் குருவி உண்மையிலேயே வேலை பார்க்கிறது என்றும் ஒத்துக்கொண்டார். "நம்ம அதிகாரி மாதிரி இல்ல. முறை மாத்தி எறங்கி வந்து புழுவும் பொறுக்குது."

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. இந்த ஒன்னப் பாரு. மத்த ரெண்டும் இத்துனூண்டு இருக்கு. இது மட்டும் இந்தப் பருமன். வாய்க்குள்ள வேற செவப்பு."

பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது. "அப்பா, அது இதுங்க குஞ்சே இல்ல. சுடலைக்குயில் குஞ்சு. கொண்டை வச்சுக்கிட்டு, கறுப்பும் வெள்ளையுமா வருமே, அந்தக் குயில். கூடு கட்டாது. தவிட்டுக்குருவி கூட்டுல அதே நெறத்துல முட்டைய வச்சிட்டுப் போயிடும்."

"அப்ப இதுங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எது பெரிசா வாயத் தொறக்குதோ அதுக்கு ஊட்டும்."

அப்பா பைனாகுலரை இறக்கினார். புதுச்சேரியிலிருந்து வரப்போகிறவரின் முகம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். "சிபாரிசுல வந்தது," என்றார்.

"தூக்கி வெளிய போட்டுடாதீங்கப்பா."

"நான் ஏன் போடப்போறேன்? கூட்டுல கை வச்சா என்ன ஆவும்னு தெரியாதா?"

அதன்பின் அவர் அந்தக் குஞ்சைப் பார்க்கும் பார்வையே தனி. ஏழு பேர் வேர்க்க விறுவிறுக்கக் கொண்டுவருவதில் பெரும்பங்கு அதன் வாய்க்குள் போகும். மற்ற இரண்டும் மிச்சத்தில் வளர்ந்தன. ஆனால் வளர்ந்தன. அதைத்தான் அவர் தினமும் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ஆர்டர் ஒரு புதன்கிழமை வந்தது. யானம்.

அப்பா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமல் வைத்திருந்தார். எனக்குத் துக்கம் ஒருபக்கம் இருக்க, மருதாணி மேல் பயமும் வந்தது. கூட்டில் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை. கலைத்தால் யானம் என்றுதானே கட்டிக் காத்தார்? இப்போது கலைக்காமலே வந்துவிட்டது. இனி அந்தச் செடியைக் காப்பாற்ற அம்மா எந்தச் சாம்பாரில் சாஸ்திரம் தேடுவாள்?

கொல்லையில் காவல் குருவி கத்தியது. அப்பா எழுந்தார். கதவு மூலைக்குப் போனார். அங்கே அரிவாளும் இருந்தது, குடையும் இருந்தது. நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம். மதிலில் ஒரு காக்கை. அப்பா குடையை விரித்து மூடினார். காக்கை போய்விட்டது.

"ஆர்டர்தான் வந்துடுச்சே," என்றேன் மெதுவாக.

"அதுக்கு இதுங்க என்ன பண்ணும்," என்றார் அப்பா. அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அம்மா பின்னாலேயே கொண்டுவந்திருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

ஜோசியர் அசரவில்லை. ஆர்டரைக் கேட்டதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "மாஹேக்குப் போயிருக்க வேண்டிய ஜாதகம் சார் இது. பரிகாரத்தாலதான் யானத்தோட நின்னுருக்கு" என்றார். இரண்டில் யானம்தான் தூரம் என்பதை அவர் வரைபடத்தில் பார்த்ததாகத் தெரியவில்லை. பாய் மட்டும் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வாரா வாரம் மீன விட்டமே சார்," என்றார். அவர் பிள்ளைகள் அன்றைக்கே வஞ்சிரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அப்பா கிளம்பிய காலையில் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கியிருந்தன. சரியாகப் பறக்க வராமல் வாசல் வரை தத்திக்கொண்டு வந்துவிட்டன. கூட்டம் மொத்தமும் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்டோ உள்ளே வரப் பார்த்தது. அப்பா கையை நீட்டி நிறுத்தி, "அங்கயே நில்லுங்க, நான் வர்றேன்" என்று, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து போனார். பெட்டி தூக்க நான் ஓடியதற்கு, "நீ பூனை வருதான்னு பாரு" என்றார். அம்மா வாசலில் நின்று மாத்திரைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தவிட்டுக்குருவிகள் போட்ட சத்தத்தில் அவருக்கு எத்தனை கேட்டதோ.

யானத்தில் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்த இன்னும் மூன்று பேரோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார். ஒருவர் மாற்றி ஒருவர் சமைக்கிறார்கள். போன் செய்தால் பின்னால் யாராவது உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பது கேட்கும்.

"இங்கயும் இருக்குதுங்க பாப்பா," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஆனா தலை அவ்வளவு வெளுப்பா இல்ல. மத்தபடி அதே அலம்பல்."

"அது காட்டுச் சிலம்பனா இருக்கும்ப்பா. சொந்தக்காரங்கதான்."

"இருக்கும். தெலுங்குல கத்துற மாதிரி தெரியல." பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். இவர் "வர்றேன், வர்றேன்" என்றார். "சனிக்கெழம சோறு வைக்கிறியா?"

"அம்மா வைக்கிறாங்க. மதில்லயே வச்சிடுறாங்க. யாரு வந்தாலும் சாப்புடலாம்னு."

"அதுவும் சரிதான். ரெண்டு குஞ்சும் எப்படி இருக்கு?"

"ஒன்னு இப்ப காவலுக்கே உக்காருது."

சத்தமில்லாமல் சந்தோஷப்படுகிற பழக்கம் அப்பாவுக்கு. பிறகு, "அந்த இன்னொன்னு?"

"போயிடுச்சுப்பா. இறகு முளைச்சும் கொஞ்ச நாள் பின்னாலேயே திரிஞ்சு வாங்கித் தின்னுச்சு. ஒரு நாள் காணோம். சொல்லிக்கவேயில்ல."

"சொல்லிக்காது," என்றார் அப்பா. "என் நாற்காலியில ஒக்காந்தாரே, அவரும் புதுச்சேரிக்கே திரும்ப ஆர்டர் வாங்கிட்டாராம். அந்த எடம் இப்ப காலியாத்தான் கெடக்குதாம்." பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "சரி வைக்கிறேன். இன்னிக்கு எல்லாருக்கும் நான்தான் பரிமாறணும்."